பிள்ளைத்தமிழ் முதல் ஆயிரம் பிறை வரை: பருவக் கணக்கு போட்டது யார்?

போன ஐப்பசியில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வயது 76. ஆபரேஷன் முடிந்து திருநின்றவூர் வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, தினமும் காலையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் தம்பி வருவார். அம்மாவை வாக்கரைப் பிடித்து நிற்கவைத்துவிட்டு, நாலடி தள்ளிப் போய் நின்று, இரண்டு கையையும் நீட்டி, "வாங்கம்மா... அவ்ளோதான்... வாங்க, வாங்க" என்பார்.

நான் ஹாலின் மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் மீட்டிங் காதில் ஓடிக்கொண்டிருந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. பார்த்தது இதே ஹாலில்தான். 14 வருஷத்துக்கு முன்னால் அந்தத் தம்பி நின்ற இடத்தில் அம்மா நின்றிருந்தார். எதிரே என் மகள். "வாம்மா, வா வா வா."

அன்றைக்கு ராத்திரி ஒரு பழைய ஃபோல்டரைத் தேடித் திறந்தேன். மகள் நடக்கத் தாமதமானபோது பயந்துபோய் நான் சேர்க்க ஆரம்பித்த குறிப்புகள் அதில் இருந்தன. மனித வளர்ச்சிப் பருவங்களைத் தமிழில் யார், எப்போது, எப்படி வரிசைப்படுத்தினார்கள் என்ற குறிப்புகள். பாதியில் நின்றுபோன வேலை. இந்தக் கட்டுரை அதன் மீதிப் பாதி.

பத்து வரிசை, இரண்டிரண்டு மாதம்

மகளுக்கு 14 மாதம் ஆகியும் எழுந்து நடக்கவில்லை. தவழவும் இல்லை. உட்கார்ந்தபடியே பின்பக்கத்தால் நகர்ந்து வீடு முழுக்கச் சுற்றுவாள். ஒரு குழந்தை வளர்ப்பு இணையதளத்தில் பெயர் கொடுத்திருந்தேன். வாராவாரம் "இந்த வாரம் உங்கள் குழந்தை என்ன செய்யும்" என்று மின்னஞ்சல் வரும். அதில் இருந்த எதையும் என் குழந்தை அந்த வாரத்தில் செய்ததில்லை. எனக்குத் தூக்கம் போச்சு. அம்மா மட்டும் அசரவே இல்லை: "அதெல்லாம் நடப்பாடா. அவ அப்பனும் லேட்டுதான்."

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைத்தமிழ் கண்ணில் பட்டது. ஸ்கூலில் மனப்பாடம் செய்து மறந்த பட்டியல்: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர். ஆண்பால் பிள்ளைத்தமிழுக்கு இந்தப் பத்து. பெண்பாலுக்குக் கடைசி மூன்று மாறி அம்மானை, நீராடல், ஊசல் என்று வரும். பருவத்துக்குப் பத்துப் பாட்டு வீதம் நூறு பாட்டு என்பது பிற்கால வழக்கம்.

பாட்டியல் நூல்கள் இந்தப் பருவங்களுக்கு மாதக் கணக்கும் சொல்கின்றன. நூலுக்கு நூல் சற்று மாறினாலும், பரவலாக உள்ள கணக்கு இது: 3ஆம் மாதம் காப்பு, 5 செங்கீரை, 7 தால், 9 சப்பாணி, 11 முத்தம், 13 வருகை, 15 அம்புலி, 17 சிற்றில், 19 சிறுபறை, 21 சிறுதேர். 

இதை எக்ஸெல்லில் போட்டு, பக்கத்து காலத்தில் இன்றைய மருத்துவக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் அசந்துதான் போனேன்.

செங்கீரை என்பது, குழந்தை ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, கைகள் இரண்டையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. 5ஆம் மாதம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் பட்டியலில், குப்புறக் கிடக்கும் குழந்தை கைகளை நேராக ஊன்றி உடம்பைத் தூக்குவது 6ஆம் மாதத்தில் இருக்கிறது. வருகை, அதாவது தளர்நடை போட்டு வருவது, 13ஆம் மாதம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தனியாக நடக்கத் தொடங்கும் சராசரி வயது 12.1 மாதம்.

முத்தப் பருவத்தைக் கவனியுங்கள். அம்மா குழந்தைக்கு முத்தம் கொடுப்பதைப் பற்றியதல்ல அது. குழந்தையிடம் "முத்தம் தா" என்று கேட்பது. குழந்தை வார்த்தையைப் புரிந்துகொள்ள வேண்டும், கேட்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், பதிலுக்கு ஒன்று செய்ய வேண்டும். 11ஆம் மாதத்தில் வைத்திருக்கிறார்கள். உடம்பு வளர்ச்சிப் பட்டியலின் நடுவில் அறிவு வளர்ச்சியை யாரோ சத்தமில்லாமல் நுழைத்திருக்கிறார்கள்.

அடுத்து வரும் அம்புலியும் அப்படித்தான். குழந்தையோடு விளையாட நிலாவைக் கூப்பிடுவது. புலவர்கள் சாம, பேத, தான, தண்டம் என்று நான்கு உபாயத்தையும் காட்டி நிலாவை அழைப்பார்கள். பாடுவதற்குக் கடினமான பருவம் என்பதால் "பிள்ளைக்கவிக்கு அம்புலி புலி" என்றே ஒரு சொலவடை உண்டு. குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால், கைக்கு எட்டாத ஒன்றை விரலால் காட்டி, "நீயும் பார்" என்று இன்னொருவரை அழைக்கும் வயது அது. பேச்சு வருவதற்கு முந்தைய முக்கியமான படி என்று இன்றைய உளவியல் சொல்வது இந்தச் சுட்டுதலைத்தான்.

ஆனால் டேட்டா இவ்வளவு சுத்தமாக இருக்குமா?

இருபது வருஷமா சாஃப்ட்வேர்ல இருக்கேன். 3, 5, 7, 9 என்று ஒரு வரிசை பிசகாமல் வந்தால், சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வரும். நிஜ உலகத்திலிருந்து வரும் டேட்டா இப்படி இருக்காது. யாரோ சீவிச் சிக்கெடுத்து ஒழுங்குபடுத்திய பிறகுதான் இப்படி இருக்கும்.

சீவுவதற்கு முந்தைய வடிவம் கிடைக்குமா என்று தேடினால், கிடைக்கிறது. பெரியாழ்வார். பொதுவாக 9ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். யசோதையின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு கண்ணனைப் பாடியவர். பிள்ளைத்தமிழ் என்ற தனி நூல்வகைக்கு இவர் பாடல்கள்தான் முன்னோடி. அவர் பாடியிருக்கும் வரிசையைப் பாருங்கள்: முதலில் தால், அடுத்து அம்புலி, அதற்குப் பிறகுதான் செங்கீரை, பிறகு சப்பாணி, தளர்நடை. அப்புறம் ஓடி வந்து கட்டிக்கொள்வது, பின்னாலிருந்து முதுகைக் கட்டிக்கொள்வது, பூச்சி காட்டிப் பயமுறுத்துவது, பால் குடிக்கக் கூப்பிடுவது, காது குத்துவது, குளிப்பாட்டுவது, தலை வாருவது, பூச்சூட்டுவது. இத்தனைக்கும் பிறகுதான் காப்பு வருகிறது.

பாட்டியலில் முதலாவதாக நிற்கும் காப்பு, பெரியாழ்வாரிடம் கடைசிப் பக்கம் போய்விட்டது. அங்கே அது 3ஆம் மாதச் சடங்கு அல்ல. அந்தி சாய்ந்ததும் விளையாட்டை விட்டு வர மறுக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுக் கண்ணேறு கழிப்பது. எந்த வீட்டிலும் தினமும் நடப்பது. குழந்தை தவழும் முன்பே நிலாவைக் காட்டுவதும் எந்த வீட்டிலும் நடப்பதுதான். பெரியாழ்வார் ஏணி போடவில்லை. ஒரு தாய் நாள் முழுக்க என்னென்ன பார்க்கிறாள், என்னென்ன கேட்கிறாள் என்பதை எழுதிவைத்திருக்கிறார். பிறகு வந்தவர்கள் அதிலிருந்து பத்தைப் பொறுக்கி, ஒற்றைப்படை மாதங்களில் அடுக்கி, இலக்கணமாக்கினார்கள்.

இதே கதை இன்றைக்கும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் சராசரி 12.1 மாதம் என்று சொன்னேனே, அது பாதிச் செய்திதான். மீதிப் பாதி: தனியாக நடப்பதற்கான இயல்பான கால எல்லை 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. ஆரோக்கியமான இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் 9 மாத வித்தியாசம் இருக்கலாம். அந்த ஆய்வில் 4.3 சதவீதக் குழந்தைகள் கை, முட்டி ஊன்றித் தவழவே இல்லை. 2022இல் சி.டி.சி. தன் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலையே எடுத்துவிட்டது. எனக்கு வந்த மின்னஞ்சல்களில் சராசரி இருந்தது, எல்லை இல்லை. ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, அதன் அகலத்தைச் சொல்லாமல் விட்டால், பாதி அப்பா அம்மாக்களுக்குத் தூக்கம் போகும்.

மகள் 16ஆம் மாதம் நடந்தாள். அம்மா கையை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்.

அதற்காக எல்லாவற்றையும் "தானா வரும்" என்று விட்டுவிடச் சொல்லவில்லை. 18 மாதம் தாண்டியும் நடக்காவிட்டால், கற்றுக்கொண்ட ஒன்றைக் குழந்தை இழந்துவிட்டால், டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பட்டியல் அதற்குத்தான்.

அதே புலவர், அதே ராஜா, வேறு கணக்கு

இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ்களில் பழையது ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். 12ஆம் நூற்றாண்டு. பாட்டுடைத் தலைவன் இரண்டாம் குலோத்துங்க சோழன். அதே ஒட்டக்கூத்தர் அதே குலோத்துங்கன்மேல் உலாவும் பாடியிருக்கிறார். மூவருலாவில் நடுவில் இருப்பது அது.

உலாவிலும் பருவப் பட்டியல் உண்டு. ராஜா வீதியில் பவனி வருகிறான். பார்க்கும் பெண்களெல்லாம் அவன்மேல் மையல் கொள்கிறார்கள். அவர்கள் ஏழு பருவம். இதற்கும் பாட்டியல்கள் வயது சொல்கின்றன: பேதை 5 முதல் 7, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25, தெரிவை 26 முதல் 31, பேரிளம்பெண் 32 முதல் 40.

இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "ஏங்க, எனக்கு 42. நான் எதுல வரேன்?" என்றாள். 

எதிலும் வரவில்லை. 41 வயதுக்கு வரிசையே இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால், அவுட் ஆஃப் ரேஞ்ச்.

பெண் 41 வயதில் வளர்வதை நிறுத்திவிடுகிறாள் என்று ஒட்டக்கூத்தர் காலத்து ஆட்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டிலும் அம்மா, பாட்டி இருந்திருப்பார்கள். ஆனால் இந்தப் பட்டியலைப் போட்டது வீட்டுக்குள்ளிருந்து அல்ல, தேர்த்தட்டிலிருந்து. பவனி வரும் ஆணின் கண்ணுக்கு யார் படுகிறார்கள் என்பதுதான் கணக்கு. அந்தக் கண் 40இல் திரும்பிக்கொள்கிறது, பட்டியலும் முடிகிறது. 5 வயதுக் குழந்தையையும் அந்த வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆண்களுக்கான ஏழு பருவமும் இதே மாதிரிதான். பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என்று வந்து, 30ஐத் தாண்டினால் முதுமகன். போருக்கு ஆள் பார்க்கிறவன் போட்ட கணக்கு மாதிரி இருக்கிறது.

எந்தப் பட்டியலும் வளர்ச்சியை மட்டும் அளப்பதில்லை. அளக்கிறவர் எதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அவருடைய அக்கறை எங்கே தீர்கிறதோ, அங்கே பட்டியலும் தீர்ந்துவிடுகிறது.

இது இலக்கியத்தோடு நிற்கவில்லை. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் பெண்ணின் இசைவு வயதை 10 என்று வைத்திருந்தது. 1889இல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி, அவளைவிடப் பல வயது மூத்த கணவனால் இறந்துபோன வழக்குக்குப் பிறகு, 1891இல் அதை 12 ஆக்கினார்கள். பெதும்பையிலிருந்து மங்கைக்கு ஒரு வரிசை நகர்ந்தது, அவ்வளவுதான். அதற்கே நாடு முழுக்க எதிர்ப்பு. 1929இன் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக வைத்தது. சென்னை மாகாண சட்டசபையில் இருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திருமண வயதை உயர்த்த வாதாடியவர்களில் ஒருவர். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று ஆனது 1978இல்.

எங்கள் ஆயாவுக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, 13 வயதில் கல்யாணம். "மெட்ராஸ்ல பெரிய வெள்ளம் வந்துச்சே, அதுக்கு அடுத்த தை மாசம்" என்று சொல்வார். 1943 வெள்ளம். சாரதா சட்டம் வந்து 14 வருஷம் கழித்து. சட்டம் தண்டனை சொன்னதே தவிர, நடந்த கல்யாணத்தைச் செல்லாது என்று சொல்லவில்லை. ஆயாவின் வயதுக்கு எந்தக் காகிதமும் இல்லை. மங்கைப் பருவத்தில் கல்யாணம், மடந்தைப் பருவத்தில் மூன்று பிள்ளை. நான் பார்த்த ஆயா அந்த ஏழு பருவத்தையும் முடித்து, அதற்குப் பிறகு 45 வருஷம் வாழ்ந்தவர். அவர் வாழ்க்கையின் பெரும் பாதிக்குப் பட்டியலில் பெயரே இல்லை.

நாற்பதுக்குப் பிறகு

அப்படியானால் முதுமைக்கு நம்மிடம் பருவமே இல்லையா என்றால், சடங்கில் இருக்கிறது. 60க்கு சஷ்டியப்தபூர்த்தி, 70க்கு பீமரத சாந்தி, 80க்கு சதாபிஷேகம். ஆனால் இவை தம்பதியாக உட்கார்ந்து செய்துகொள்பவை. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு அந்த வரிசையிலும் இடமில்லை.

மேற்கத்திய அறிவியலும் இதில் ரொம்ப முன்னால் போய்விடவில்லை. பியாஜே தன் மூன்று குழந்தைகளைக் கூர்ந்து கவனித்துப் போட்ட அறிவு வளர்ச்சிப் படிகள் பதின்பருவத்தோடு முடிகின்றன. எரிக் எரிக்சன் 1950இல் வாழ்நாள் முழுமைக்கும் எட்டுப் பருவம் சொன்னார். முதுமைக்குக் கிடைத்தது எட்டாவது ஒன்றுதான். அப்போது அவருக்கு 50 வயதுகூட ஆகவில்லை. அவர் இறந்த பிறகு, 90ஐத் தாண்டிய அவர் மனைவி ஜோன் எரிக்சன் ஒன்பதாவது பருவம் ஒன்றைச் சேர்த்தார். 1997இல் அது அச்சில் வந்தது. 80க்கும் 90க்கும் பிறகு உடம்பின்மேல் நம்பிக்கை குறைவது எப்படி இருக்கும் என்று அங்கே போய்ச் சேர்ந்தவருக்குத்தான் தெரிந்தது.

முதுமையின் அறிவும் ஒரே சரிவு அல்ல. வார்னர் ஷாய் 1956இல் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு, ஏழு வருஷத்துக்கு ஒருமுறை அதே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சோதித்தது. வேகம் சீக்கிரமே குறையத் தொடங்குகிறது, ஆனால் சொல்வளம் நடுவயது வரை ஏறி, வெகுகாலம் நின்று, பிறகுதான் இறங்குகிறது. அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்ப இன்னும் வராது. ஆனால் அந்தப் பிசியோதெரபிஸ்ட் தம்பிக்கு அவர் சொன்ன விடுகதைகளில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த இடத்தில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1978இல் அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிகள் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பும் வந்தது. குழந்தைக்கு மாதாமாதம் பார்த்த கண், கிழவிக்கும் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். அதுவரை எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "வயசாச்சுல்ல."

அம்மா விழுந்ததற்கு முந்தைய ஆறு மாதத்தில் இரண்டு தடவை தடுமாறியிருந்தார். நானும் அதையேதான் சொன்னேன். "வயசாச்சும்மா, பாத்து நட." மகள் 14 மாதத்தில் நடக்கவில்லை என்று பத்து கட்டுரை படித்தவன், அம்மாவின் நடை மாறியதற்கு ஒரு வரிகூடத் தேடவில்லை. தேடியிருந்தால், பாத்ரூமில் ஒரு கைப்பிடிக் கம்பி வைக்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும். ஒட்டக்கூத்தரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் பட்டியலும்தான் பாதியில் நின்றிருந்தது.

என்னைப் பெற்ற தாயார்

எங்கள் ஊர் பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாருக்கு "என்னைப் பெற்ற தாயார்" என்று பெயர். தலபுராணக் கதை இது: வைகுண்டத்தை விட்டு வந்து திருமகள் இங்கே நின்றுவிட்டாள். திரு நின்றதால் திருநின்றவூர். அவளைத் திரும்ப அழைத்துப்போக வந்த சமுத்திரராஜன், கெஞ்சிக் கூப்பிட்ட வார்த்தைதான் அந்தப் பெயர். பாற்கடலில் பிறந்தவள் என்பதால் அவன் அவளுக்கு அப்பா. அப்பன் மகளைப் பார்த்து, "என்னைப் பெற்ற தாயே, வா" என்கிறான்.

சின்ன வயதில் இது குழப்பமாக இருந்தது. இப்போது இல்லை. நானும் மகளை "வாம்மா" என்றுதான் கூப்பிடுகிறேன். அம்மாவையும் "வாம்மா" என்றுதான் கூப்பிடுகிறேன். பிள்ளைத்தமிழின் பல பருவங்களும் இப்படித்தான் இருக்கின்றன. ஆடுக, கொட்டுக, தருக, வருக. குழந்தை செய்துவிட்டதா என்று யாரும் சரிபார்க்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு கூப்பிடுகிறார்கள்.

80க்கு ஆயிரம் பிறை கண்டவர் என்பார்களே, அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்கு 29.53 நாள். ஆயிரத்துக்கு 29,530 நாள், அதாவது 80 வயதும் சுமார் 10 மாதமும். 76 வயதில் 940 பிறை. அம்மாவுக்கு இன்னும் 60 சொச்சம் பாக்கி. தம்பதியாக உட்கார்ந்தால்தான் நிலா கணக்கில் வரும் என்று யாராவது சொன்னால், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பாத்ரூமில் இப்போது இரண்டு கம்பி இருக்கிறது. போன வாரம் அம்மா வாக்கர் இல்லாமல், என் மகள் எதிரே நின்று கூப்பிட, ஹாலிலிருந்து வாசல் வரை வந்தார். பதினோரு அடி. எக்ஸெல்லைத் திறந்து பத்து வரிசைக்குக் கீழே பதினோராவதாக ஒன்று சேர்த்தேன். பருவம்: வருகை. மாதம்: 917.